எந்த வல்லம்?

பத்திரிகைக்காரர்களின் முதல் வண்டி தஞ்சாவூர் வல்லத்துக்குப் போய்விட்டது. பெரியார் மணியம்மை பல்கலைக்கழகம் இருக்கிற அந்த வல்லத்தில் இறங்கி, தீயில் செத்துப்போனவர் வீடு எது என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது வண்டி ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகால் சிப்காட்டைச் சுற்றியது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், ஒன்றிய அலுவலகம் ஒன்றைத் தவிர வெளியூர்க்காரர்கள் தேடிவர வேறு காரணம் இல்லாத எங்கள் வல்லத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஐந்தரை. அவர்கள் சுற்றிய அந்த நேரத்தில்தான் நாங்கள் நாலு வாக்கியம் எழுதினோம்.

2017ஆம் வருடம். காலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மனு பதிவாகியிருந்தது. நாலு வருடத்துக்கு முன்பு வெளி மாவட்டத்து ஆலை ஒன்றில் பிடித்த தீயில் ஏழு பேர் இறந்தார்கள். அதில் மூன்று பேர் எங்கள் பக்கம். ஒருவன் என் அண்ணன் மகன். சாகும்போது அவனுக்கு 29 வயது, கைக்குழந்தைக்கு ஏழு மாதம். ஆலையின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த மனுவில் எங்கள் வீட்டுப் பெண்கள் போட்ட கையெழுத்துக்கு நானும் கட்டுப்பட்டவன்.

வழக்கை வக்கீல்கள் பார்த்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. பதினோரு வருடம் செஞ்சியில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தவன் நான். செய்திக்கு இவ்வளவு என்று காசு, மாதக் கடைசியில் விளம்பரக் கமிஷன். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டம், மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தேங்கிய செய்தி, ராஜகிரிக் கோட்டையில் வழுக்கி விழுந்த கல்லூரி மாணவன் என்று ஓடிய வாழ்க்கை. அண்ணி வந்து, "தம்பி, அவங்க பாஷை உனக்குத்தான் தெரியும், நீயே முன்னாடி நில்லு" என்றபோது மறுக்க முடியவில்லை. மறுக்கத்தான் விரும்பினேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது, அண்ணிக்குத் தெரியாது.

2003 வாக்கில் பக்கத்து ஊரில் ஒருவர் இடி விழுந்து இறந்தார். நிவாரணக் காசோலையை அவர் மனைவி வாங்குவதை நான்தான் படம் எடுத்து அனுப்பினேன். தலைப்பில் தொகையைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். முதல் வரியிலேயே தொகை வரும்படி எழுதிக் கொடுத்தவன் நான். காசோலையை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னதும் நான். அடுத்த வாரம் கொழுந்தனார்கள் வந்து உட்கார்ந்தார்கள். வட்டிக்கடைக்காரர் இறந்தவர் பெயரில் பழைய பாக்கி என்று ஒரு புரோநோட்டைக் கொண்டுவந்தார். ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் பிள்ளைகளோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வீட்டில் பூட்டு தொங்கியது. அந்தப் பூட்டைப் பார்த்த பிறகும் நான் நாலைந்து காசோலைப் படங்கள் எடுத்திருக்கிறேன். பழக்கம். கேட்பதையே அனுப்புகிற பழக்கம்.

அதனால் எங்கள் வீட்டு வாசலுக்கு கேமரா வரும் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2016 மார்ச்சில், கொடைக்கானல் செய்தியைக் கத்தரித்து வைத்திருந்தேன். பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலைச் செய்தி. 1983இல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து மலைமேல் கொண்டுவந்து வைத்த ஆலை அது. பாண்ட்ஸ் நிறுவனத்திடமிருந்து பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் முஞ்சிக்கல் காயலாங்கடை ஒன்றில் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் குவிந்து கிடந்ததைப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் ஊர் மக்களும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த வருடமே ஆலை மூடியது. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு இணையத்தில் லட்சக்கணக்கானவர்களிடம் போய்ச் சேர்ந்தது. மறு வருடம் மார்ச் 9ஆம் தேதி, 591 தொழிலாளர்களோடு சமரசம் என்று நிறுவனம் அறிவித்தது. தொகை எவ்வளவு என்று சொல்லவில்லை.

நான் கத்தரித்தது அதற்காக அல்ல. ஒரு சொல்லுக்காக. மனிதாபிமான அடிப்படையில் கருணைத் தொகை என்று நிறுவனம் சொன்னது. வேலையால் தொழிலாளர்களின் உடல்நலம் கெடவில்லை என்ற தன் நிலையிலிருந்து அது இறங்கவில்லை. மறுநாள் செய்திகளில் சிலர் இழப்பீடு என்றார்கள், சிலர் நிவாரணம் என்றார்கள், சிலர் நிதியுதவி என்றார்கள். எல்லாம் ஒரே பணம்தான். ஆனால் இழப்பீடு என்றால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள். நிதியுதவி என்றால் கையேந்தினார்கள், போட்டார்கள். பதினோரு வருடம் இந்தச் சொற்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போட்டு வந்தவன் நான். பத்து வருடம் நீதிமன்றப் படியேறிய ஒரு மனிதனைப் பிச்சைக்காரனாக்க ஒரு சொல் போதும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

எங்கள் மனுவின் வரைவு வந்தபோது அந்தச் சொல்தான் அதிலும் இருந்தது. வக்கீல் மேசையில் உட்கார்ந்து நான் வாசித்துக் காட்டினேன். அண்ணி கேட்டார்: "கருணைத் தொகைன்னா தீபாவளிக்கு பஸ்காரங்களுக்குக் குடுக்கறாங்களே, அதா?"

அதுதான். அந்த வருடங்களில் தீபாவளிக்கு அரசு 8.33 சதவீதம் போனசும் 11.67 சதவீதம் கருணைத் தொகையும் அறிவித்ததைப் பேருந்தில் போகிற எவரும் கேட்டிருப்பார்கள். அண்ணிக்கு அந்தச் சொல் அங்கிருந்துதான் தெரியும். "எம்புள்ளைக்கு போனசா?" என்றார். வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார்.

அந்தச் சொல்லை மாற்ற இரண்டு மாதம் பிடித்தது. தப்பு எங்களுடையது என்று ஒப்புக்கொள்ள எதிர்த்தரப்பு கடைசிவரை சம்மதிக்கவில்லை. சமரசத்தில் யாரும் சம்மதிப்பதும் இல்லை, ஒப்புக்கொள்ளாமல் கொடுப்பதற்குத்தான் சமரசமே. ஆனால் "கருணை" போயிற்று. "இறந்தவர்களின் சட்டப்படியான வாரிசுகளுக்குச் செலுத்தும் தொகை" என்று வந்தது. நீளமான, உயிரில்லாத வாக்கியம். எனக்கு அது போதும் என்று இருந்தது.

இன்னொரு பிரிவு இதைவிடக் கடுமையானது. தொகையையும் விபத்தையும் பற்றி எங்கும் பேசக் கூடாது என்று வரைவில் இருந்தது. வக்கீலிடம் நான் போபாலைச் சொன்னேன். 1989 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் 47 கோடி டாலருக்கு யூனியன் கார்பைடோடு மத்திய அரசு சமரசம் செய்தது. முதலில் கேட்டது 330 கோடி டாலர். அந்தச் சமரசத்தோடு குற்ற வழக்குகளும் முடிந்துபோயின. ஊரும் பெண்களும் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 1991இல்தான் நீதிமன்றம் குற்ற வழக்கை மட்டும் மறுபடி திறந்தது. பணம் வாங்கினால் வாயையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டுமா என்று கேட்டேன். கொடைக்கானலில்கூடத் தொழிலாளர் சமரசம் முடிந்த பிறகும், ஆலை நிலத்து மண்ணில் இருக்கும் பாதரசத்தை யார் எந்த அளவுக்கு எடுப்பது என்று நித்தியானந்த் ஜெயராமன் போன்ற செயல்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தொழிலாளர் பங்கு தீர்ந்தது, மண்ணின் பங்கு தீரவில்லை.

வக்கீல் நல்ல மனிதர். பிரிவை இரண்டாக வெட்டினார். தொகையைச் சொல்ல மாட்டோம். நடந்ததையும் போனவர்களையும் பற்றிச் சொல்வோம். எதிர்த்தரப்பு மூன்று வாரம் யோசித்துச் சம்மதித்தது. அந்த ஒரு வெட்டுக்காக அவருக்கு இன்றும் பொங்கலுக்கு ஒரு மூட்டை மல்லாட்டை அனுப்புகிறோம்.

"தொகையை மறைக்க முடியுமா சார்?" என்று கேட்டேன். முழுக்க முடியாது என்றார். 1994இல் ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை விளக்கினார். ஒருவருடைய சொந்த வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் எழுத முடியாது. ஆனால் நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் ஏறிவிட்ட விஷயத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் தொகை அட்டவணையை மூடிய உறையில் கொடுத்தார்கள். உறையை ஒட்டலாம். உறைக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும் என்பதை ஒட்ட முடியாது.

இனி அந்த நாள்.

மனு பதிவானது காலை பதினொன்றரைக்கு. நீதிமன்ற வளாகத்தை விட்டு நாங்கள் வெளியே வருவதற்குள் எதிர்த்தரப்பின் பத்திரிகைக் குறிப்பு எல்லா அலுவலகங்களுக்கும் போய்விட்டது. அதற்கென்று ஒரு நிறுவனம் வைத்திருந்தார்கள். அழகான குறிப்பு. குடும்பங்களின் எதிர்காலத்தில் அக்கறை, எங்கள் பகுதியில் இளைஞர்களுக்கு ஒரு பயிற்சி மையம், அதற்கு இறந்தவர்களின் நினைவாகப் பெயர். மனுவிலிருந்து எடுத்த "கருணை" அங்கே மறுபடி உட்கார்ந்திருந்தது. மனுவில் என்ன சொல் வரவேண்டும் என்று இரண்டு மாதம் போராடிய நான், குறிப்பில் என்ன சொல் வரவேண்டும் என்று ஒரு பிரிவு கேட்டு வாங்கவில்லை. பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

திண்டிவனம் தாண்டும்போது என் கைப்பேசியில் தொலைக்காட்சி ஒன்றின் ஓடுவரி வந்தது. ஏழு குடும்பத்துக்கும் சேர்ந்த மொத்தத் தொகையை ஒரு குடும்பத்துக்கு என்று போட்டிருந்தார்கள். மொத்தமும் சரியில்லை, கூட்டிச் சொல்லியிருந்தார்கள். வேனில் யாரும் பேசவில்லை. என் மருமகள், அவனுடைய மனைவி, நாலு வயதுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "மாமா, ஊருக்குள்ள எப்படிப் போறது?" என்றாள்.

போனோம். வாசலில் உறவுக்காரர்கள் இருந்தார்கள். சாவுக்கு வராதவர்களும் இருந்தார்கள். செஞ்சியிலிருந்து சீட்டுக் கம்பெனி ஏஜெண்டு ஒருவர், கழுத்தில் டை கட்டிக்கொண்டு, பையோடு உட்கார்ந்திருந்தார். சம்பந்தி வீட்டார் எங்கள் அண்ணி முகத்தையும் எங்கள் ஆட்கள் சம்பந்தி முகத்தையும் பார்த்தார்கள். காலை வரை அந்த இரண்டு வீடும் ஒரே பாயில் உட்கார்ந்து அழுதவை.

தொகை தப்பு என்று சொல்லலாம். சரியான தொகை எது என்று சொல்ல முடியாது. சொன்னால் மனுவை மீறியதாகும். மறுத்துவிட்டு எண்ணைச் சொல்லாமல் நின்றால், மறைக்கிறான் என்பார்கள். என்னோடு பழகிய நிருபர்களே அப்படித்தான் நினைப்பார்கள், நானும் நினைத்திருப்பேன். பின்கட்டில் பத்தாயத்தின் மேல் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான், அண்ணி, மருமகள், தெருக்கூத்தில் வேஷம் கட்டும் எங்கள் பெரிய மாமா, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்.

பயிற்சி மையத்துக்கு அவர்கள் பெயர் வைப்பதைப் பற்றி வாத்தியாருக்கு மகிழ்ச்சி. நல்லதுதானே என்றார். மாமாதான் தலையை ஆட்டினார். தேசிங்கு ராஜன் கூத்து நாற்பது வருடம் ஆடியவர். "ராணிப்பேட்டைக் கத இதுதான்" என்றார். 1714இல் தேசிங்கைப் போரில் கொன்றது ஆற்காட்டு நவாப் சதத்துல்லா கானின் படை. உடன்கட்டை ஏறிய தேசிங்கின் ராணி நினைவாக ராணிப்பேட்டையை நிறுவியதும் அதே நவாப். மாமா சொன்னார்: "ஊரு பேரு நவாப் வச்சான். கதைய நாமதான் பாடறோம். பேரை அவங்க வச்சிக்கட்டும், கதைய மட்டும் உட்டுடாத."

அதற்குப் பிறகு எழுதுவது எளிதாக இருந்தது. நாலு வாக்கியம். ஒன்று, இறந்தவர்கள் வேலை செய்த இடத்தில், வேலை நேரத்தில், வெளியே வர வழியில்லாமல் இறந்தார்கள். இரண்டு, கிடைத்தது சட்டப்படியான வாரிசுத் தொகை, யாருடைய கருணையும் அல்ல. மூன்று, வெளியான தொகை தவறு. உண்மைத் தொகை நீதிமன்றத்தின் வழியாக வங்கியில் வாரிசுகள் பெயரில் வைப்பாக இருக்கிறது, பிள்ளையின் பங்கை 18 வயது வரை யாரும் எடுக்க முடியாது. நாலு, தீ பற்றிய குற்ற வழக்கு முடியவில்லை.

மூன்றாவது வாக்கியத்தை என் பழைய வேலைதான் எழுத வைத்தது. தொகையைச் சொல்ல முடியாவிட்டால் பணம் எங்கே பூட்டியிருக்கிறது என்று சொல்லலாம். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு நல்ல வழி இருந்தது. இறந்த தொழிலாளியின் தொகையை முதலாளி நேரே குடும்பத்தின் கையில் கொடுத்தது கொடுத்ததாகவே கணக்கில் வரவில்லை. ஆணையரிடம் கட்ட வேண்டியிருந்தது, அவர்தான் பங்கு பிரித்து வைப்பில் போட்டார். கையில் காசு இருக்கும் விதவையைச் சுற்றி யார் யார் வருவார்கள் என்று நூறு வருடத்துக்கு முன்பே யாருக்கோ தெரிந்திருக்கிறது. எங்கள் வக்கீல் அதே முறையைச் சமரசத்திலும் எழுதிவைத்திருந்தார். 2003இல் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தால் அந்தச் செய்தியில் இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

ஐந்தரைக்கு வண்டி வந்தது. ஆறு மைக். யார் கேட்டாலும் ஒரே கேள்வி, எவ்வளவு. மருமகளை உள்ளே இருக்கச் சொல்லியிருந்தேன். பிள்ளையின் முகம் படத்தில் வராது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வாங்கினேன். ஒருவர் தவிர எல்லாரும் வாக்கைக் காப்பாற்றினார்கள். நான் காகிதத்தைப் படித்தேன், மறுபடி ஒரு தடவை படித்தேன், ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்தேன். கேட்டதற்கெல்லாம் அந்த நாலு வாக்கியத்தையே திருப்பிச் சொன்னேன். என் குரல் எனக்கே கல்போல் கேட்டது. பின்னால் அண்ணி நின்றிருந்தார். ஒரு பெண் நிருபர், மிகவும் சின்னப் பெண், மைக்கை இறக்கிவிட்டு, "அம்மா, அவர் எப்படி இருப்பார்?" என்று கேட்டது. அண்ணி பத்து நிமிடம் பேசினார். கமிட்டிக்கு அவன் மூட்டை சுமந்தது, முதல் சம்பளத்தில் அவருக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தது, அந்த மாதம் வந்திருந்தால் கூரையை மாற்றியிருப்பான் என்பது. அன்று வந்த கேள்விகளில் பதில் சொல்லத் தகுந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் பத்திரிகைகள் எல்லாவற்றையும் செஞ்சி பேருந்து நிலையத்தில் வாங்கினேன். இரண்டில் "கருணை" இருந்தது. மூன்றில் எங்கள் சொல். ஒன்று தொகையைப் போட்டு, மருமகளைப் பணக்காரி என்று வர்ணித்திருந்தது. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. பிரஸ் கவுன்சிலுக்கு எழுதலாமா என்று யோசித்தோம். அது கண்டிக்கலாம், எச்சரிக்கலாம், அதற்குமேல் தண்டிக்க அதிகாரம் இல்லை. தொலைக்காட்சி அதன் கீழே வராது. அலைகிற அலைச்சலில் தொகை இன்னொரு முறை செய்தியாகும் என்று வக்கீல் சொன்னதால் விட்டுவிட்டோம். அது சரிதானா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் உண்டு.

மருமகள் நூறு நாள் வேலைக்குப் போனபோது, இவளுக்கு எதற்கு இந்தக் கூலி என்று ஏரிக்கரையில் வைத்தே கேட்டார்கள். பதில் சொல்லாமல் மண் சுமந்தாள். வைப்புத் தொகையின் வட்டிதான் அவள் கைக்கு வருவது, அதில் ஒரு பகுதி அண்ணியின் மருந்துக்கு. சீட்டு ஏஜெண்டு இன்னும் மூன்று தடவை வந்தார். ஜெராக்ஸைக் காட்டினோம். பிள்ளை பங்கு பூட்டிக் கிடக்கிறது என்று பத்திரிகையிலேயே வந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போனவர் அப்புறம் வரவில்லை. புரோநோட்டு எதுவும் வரவில்லை. அவள் வீட்டில் பூட்டுத் தொங்கவில்லை.

பயிற்சி மையம் இன்றுவரை கட்டப்படவில்லை. அதைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, நானும் எழுதிக் கொடுக்கவில்லை.

போன வருடம் திதி அன்று ஒரு பையன் வந்தான். செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததை எழுதச் சென்னையிலிருந்து வந்தவன், பழைய கோப்பில் எங்கள் பெயரைப் பார்த்து, எட்டிப்பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறான். நான் பின்கட்டில் இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போவதற்குள் மருமகளே நாற்காலி போட்டுவிட்டாள். காசைப் பற்றிக் கேட்டால் பேச மாட்டேன், அவரைப் பற்றிக் கேட்டால் பேசுவேன் என்று முதலிலேயே சொன்னாள். பையன் சரி என்றான். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா என்றைக்கு என்று தேதியோடு சொன்னாள். எனக்கே அந்தத் தேதி ஞாபகம் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். பையன் எழுதி முடித்து, நோட்டை மூடப் போனவன் நின்று கேட்டான்:

"ஊர் பேர் எப்படிப் போடணும் அக்கா?"

"செஞ்சி வல்லம்னு போடுங்க" என்றாள். "வெறும் வல்லம்னு போட்டீங்கன்னா தஞ்சாவூருக்குப் போயிடுவாங்க."